அக்காவைக் காப்பியடிக்கும் வானம்

வெள்ளை டியூபைப் பிதுக்கியதும் கற்பூர வாசனை வந்தது.

மருந்துக்கடைக்காரர் மூக்கைத் தேய்த்துவிட்டு மறுபடி முகர்ந்து பார்த்தார். எண்ணெய் வண்ணத்தில் கற்பூரத்துக்கு வேலையில்லை. டியூபைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார். 'வெளி உபயோகத்துக்கு மட்டும். படர்தாமரை, அரிப்பு, சேற்றுப்புண். காலை மாலை இரு வேளை மெல்லிதாகத் தடவவும்.'

படகுத்துறையில் தன் கேன்வாஸ் முன்னால் உட்கார்ந்திருந்தார். சூரியன் ஏரியைத் தொட இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

பதினெட்டு வருஷமாகக் கடை நடத்துகிறவர் அவர். டாக்டர்களின் கிறுக்கலைப் பார்த்த மாத்திரத்தில் படித்துவிடுவார். இதுவரை ஒருவருக்கும் மருந்து மாற்றிக் கொடுத்ததில்லை. தனக்குத் தானே மாற்றிக் கொடுத்துக்கொண்டது இதுதான் முதல் தடவை என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. மத்தியானம் கடையைப் பூட்டும்போது மேசைமேல் இரண்டு டியூப்கள் கிடந்தன. இரண்டும் ஒரே அளவு. இரண்டுக்கும் நீல மூடி. களிம்பு இங்கே இருக்கிறதென்றால் வெள்ளை வண்ணம் எங்கே?

இங்கே கூட உட்கார்ந்து வரைகிற லைப்ரரி அக்காவின் வீட்டுக்காரரிடம்.

"முழங்கையில ஒரே அரிப்பு தம்பி, உக்காரவும் முடியல நிக்கவும் முடியல" என்று கடை மூடுகிற நேரத்தில் வந்து நின்றவர் அவர். "இதைத் தடவுங்க சார், ரெண்டே நாள்ல இருந்த இடம் தெரியாது" என்று காகிதப் பையில் போட்டுக் கொடுத்தவர் இவர்.

மருந்துக்கடைக்காரர் மெல்லத் திரும்பி மேலே சாலையைப் பார்த்தார். வழக்கமான இடத்தில் பழைய நீலக் கார் நின்றது. அதன்மேல் சாய்ந்தபடி அக்காவின் வீட்டுக்காரரும் நின்றார். ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்படித்தான் நிற்பார். விளக்கு எரியும்வரை கீழே இறங்கி வரமாட்டார். வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். தூரிகையைத் தொடாதவர்களில் வானத்தை இவ்வளவு அக்கறையாகப் பார்க்கிற இன்னொரு மனிதரை மருந்துக்கடைக்காரர் கண்டதில்லை.

இன்று மட்டும் அவர் வானத்தைப் பார்க்கவில்லை. கைக்குட்டையால் முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மருந்துக்கடை, டியூபுக்குள்ள மூக்கை விட்டுக்கிட்டு?" என்றார் டெய்லர், முன்வரிசையிலிருந்து.

"ஒண்ணுமில்ல. புது வெள்ளை. வாசனையா இருக்கு."

"வாசனையா இருக்குன்னு குடிச்சுகிடிச்சு வைக்காதீங்க. அப்புறம் உங்களுக்கு மருந்து குடுக்க ஆள் இல்ல."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் டெய்லருக்கு ஒரு செய்தி கிடைத்தால் அது மறுநாளைக்குள் ஊரிலுள்ள அத்தனை சட்டைக்கும் தெரிந்துவிடும். 'மருந்துக்கடைக்காரரே டியூபை மாத்திட்டாராம்' என்று ஒரு பேச்சு கிளம்பினால் அப்புறம் இருமல் மருந்து வாங்கக்கூட யார் வருவார்கள்? மேலே ஓடிப்போய் அக்காவின் வீட்டுக்காரரிடம் சொல்லலாம். ஏறி இறங்கி வருவதற்குள் வெளிச்சம் மாறிவிடும், படம் போயிற்று. வெள்ளை வண்ணத்தால் முழங்கைக்கு ஆபத்து வராது என்று தன் படிப்பை வைத்துத் தன்னையே சமாதானம் செய்துகொண்டார்.

அப்போதுதான் டியூபின் பின்புறத்தில் இன்னொரு வரி கண்ணில் பட்டது. உள்ளடக்கம்: ஜிங்க் ஆக்ஸைடு. வண்ணக் கடையில் விற்கிற வெள்ளையிலும் அதுதானே இருக்கிறது! இரண்டும் ஒரே வம்சம். மருந்துக்கடைக்காரர் களிம்பைத் தாராளமாகப் பலகையில் பிதுக்கி, மஞ்சளோடு குழைத்தார்.

அந்தப் படகுத்துறையில் சனிக்கிழமை மாலைகளில் கூடுகிறவர்கள் ஏழு பேர். டெய்லரின் படங்களில் அடிவானம் மடித்துத் தைத்ததுபோல நேராக இருக்கும். பல் டாக்டர் மேகங்களை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்து வரிசையாக அடுக்கிவைப்பார். மற்ற மூவரும் மரங்களின் பின்னால் சூரியனை ஒளித்துவைத்துத் தப்பித்துக்கொள்கிறவர்கள். மருந்துக்கடைக்காரர் வந்து சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவருடைய சூரியன்கள் மாத்திரைகளைப் போல இருக்கும். வட்டமாக, சரியான அளவில், உயிரில்லாமல்.

ஏழாவது ஆள் அக்கா. முப்பது வருஷம் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் லைப்ரரி அக்கா.

அக்காவின் படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மருந்துக்கடைக்காரருக்கு வார்த்தை வராது. வெளிச்சம் போனபிறகு, போனதே தெரியாமல் தண்ணீர்மேல் கொஞ்ச நேரம் தங்கியிருக்குமே ஒரு வெளிச்சம், அதை அக்கா வரைவார். அதற்குப் பெயர் இல்லை. சாம்பலும் இல்லை, ஊதாவும் இல்லை. சிப்பியின் உட்புறத்தில் இருக்கிற நிறம் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஒருமுறை மருந்துக்கடைக்காரரின் மனைவி அந்தப் படங்களில் ஒன்றைப் பார்த்துவிட்டு வீடு வரும்வரை பேசாமல் வந்தாள். பேசாமல் வருகிற பெண்மணி அல்ல அவள்.

அதைவிட ஆச்சரியம், அக்கா அதை வரைகிற நேரம். மற்றவர்கள் சூரியன் விழுவதற்காகக் காத்திருக்கும்போதே அவர் வரைந்து முடித்துவிடுவார். சூரியன் தண்ணீரைத் தொடும்போது அக்காவின் தூரிகைகள் கழுவித் துடைக்கப்பட்டு, பெரிசு சிறிசாகப் பெட்டிக்குள் படுத்திருக்கும். அரை மணி நேரம் கழித்து வானம் அக்கா வரைந்த நிறத்துக்கு வந்து சேரும்.

"நாமெல்லாம் வானத்தைப் பார்த்து வரையறோம். அக்காவைப் பார்த்து வானம் காப்பியடிக்குது" என்பார் டெய்லர். அவர் கிண்டல் செய்யாமல் சொல்கிற ஒரே விஷயம் இது.

முதல்முதலில் அக்கா வந்த நாளில், சூரியன் இறங்கியதும் தூரிகையை வைத்துவிட்டுக் கைகளை மடியில் போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தாராம். "என்னக்கா, இனிமேத்தானே கலரே வரும்?" என்று பல் டாக்டர் கேட்டாராம். அக்கா, "இனிமே நான் பார்க்கறதுக்கு ஒண்ணுமில்ல டாக்டர்" என்றாராம்.

பல் டாக்டர் அந்த வாசகத்தைத் தன் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்தார். அடுத்த வாரத்திலிருந்து அது சட்டமாகிவிட்டது. சூரியனின் அடிவிளிம்பு தண்ணீரைத் தொட்டதிலிருந்து சாலை விளக்குகள் எரியும்வரை ஒருவரும் பேசக் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. முடிக்காதவர்கள் வரையலாம், சத்தமில்லாமல். விளக்கு எரிந்ததும் எல்லோரும் எழுந்து ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நிற்பார்கள். அக்கா வீட்டுக்காரரின் கையைப் பிடித்தபடி படம் படமாக நின்று, 'ம்' என்று சொல்லி நகர்வார். பாராட்டு, விமர்சனம் எல்லாம் அந்த ஒரு 'ம்'மில் அடக்கம். அது நீளமா குட்டையா என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போவார்கள்.

மருந்துக்கடைக்காரருக்குக் கிடைத்ததெல்லாம் குட்டை 'ம்'. அக்கா தன் படத்தின் முன்னால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, மனம் வைத்து நிற்கவேண்டும் என்பதைத் தவிர இந்த இரண்டு வருஷத்தில் அவருக்கு வேறு ஆசை இருந்ததில்லை.

இன்று அக்காவுக்கே பெரிய நாள். நூலகத்தில் புதிதாக வாசிப்பு அறை கட்டியிருக்கிறார்கள். அங்கே நடுச்சுவரில் மாட்ட, சூரியனும் தெரிகிற மாதிரி அக்காவின் ஏரிப்படம் வேண்டுமென்று கேட்டிருக்கிறார்கள். அதற்காக வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பெரிய கேன்வாஸோடு மூன்று மணிக்கே வந்துவிட்டார் அக்கா. எப்போதும்போலக் கடைசியில், படிக்கட்டை ஒட்டி உட்கார்ந்து, வாய் திறக்காமல் வரைந்து முடித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருந்துக்கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டுத் தன் படத்தைப் பார்க்கப் பிடிக்காமல் ஏரியைப் பார்த்தார்.

சூரியன் தண்ணீரைத் தொட்டது. பல் டாக்டர் கையை உயர்த்தினார். பேச்சு நின்றது.

மருந்துக்கடைக்காரர் கடைசியாக ஒரு மஞ்சள் தீற்று வைத்துவிட்டுப் பின்னால் சாய்ந்து பார்த்தார். இவருடைய சூரியன் எப்போதும் இல்லாத பளபளப்போடு இருந்தது. பரவாயில்லையே என்று நினைத்தார். கண்ணைச் சிமிட்டினார். சூரியன் ஒரு விரற்கடை கீழே இருந்தது.

பிரமை என்று நினைத்தார். மறுபடி பார்த்தார். இன்னொரு விரற்கடை.

களிம்பு உடம்புச் சூட்டில் இளகுவதற்காகத் தயாரிக்கப்படுவது. மத்தியானத்திலிருந்து வெயில் குடித்த கேன்வாஸ் அந்த உதவியைச் செய்தது. நிஜச் சூரியன் இறங்குகிற அதே வேகத்தில் இவர் சூரியனும் நிதானமாக வழுக்கி இறங்கி, தண்ணீரைத் தொட்டு, தண்ணீருக்குள்ளும் போய், கேன்வாஸின் விளிம்பில் ஒரு மஞ்சள் சொட்டாகத் தொங்கியது. இயற்கையை இவ்வளவு உள்ளபடி அந்தக் குழுவில் யாரும் வரைந்ததில்லை.

நல்ல வெள்ளை வேண்டும். உடனே வேண்டும். ஆனால் பேசக் கூடாது.

குனிந்தபடி பல் டாக்டரிடம் போனார். எதிரே நின்று, வெள்ளை என்பதற்கு அடையாளமாகத் தன் பல்லைத் தொட்டுக் காட்டினார். பல் டாக்டர் தூரிகையை வைத்துவிட்டு, அவர் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, உள்ளே உற்றுப் பார்த்தார். கவலையாகத் தலையை ஆட்டினார். நோட்டை எடுத்து, 'திங்கட்கிழமை காலை பத்து மணி. அதுவரை இந்தப் பக்கம் மெல்ல வேண்டாம்' என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.

அடுத்தது டெய்லர். இந்தத் தடவை பல் வேண்டாமென்று, உடுத்தியிருந்த வெள்ளைச் சட்டையை இரண்டு விரலால் இழுத்துக் காட்டினார். டெய்லர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் அகல விரித்து, இந்த வயிற்றுக்கு அந்தச் சட்டை இனிமேல் தாங்காது, பிரித்துத் தைக்கவும் துணி இல்லை என்று ஒரு சத்தமும் இல்லாமல் தெளிவாகச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கத் திரும்பினார்.

சூரியன் முழுசாகப் போய்விட்டது. நிறங்கள் ஒவ்வொன்றாகக் கரியாகிக்கொண்டு வந்தன.

மிச்சம் இருந்தது அக்கா ஒருவர்தான்.

மருந்துக்கடைக்காரர் அக்காவின் எதிரே போய் நின்றார். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, மடியில் கைகளோடு, மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். மேற்குக்கும் அக்காவுக்கும் நடுவில் தான் நிற்கிறோமே என்று இவருக்குக் கூச்சமாக இருந்தது. அக்காவின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கண்கள் நேராக இவரைப் பார்த்தன. இவரையும் தாண்டி, இவருக்குள்ளே எங்கோ பார்ப்பதுபோல இருந்தன. உதட்டோரத்தில் அந்த மெல்லிய சிரிப்பு.

கைகூப்பினார். அக்காவின் பெட்டியில் இருந்த வெள்ளை டியூபைக் காட்டினார். கொஞ்சம்போல என்று கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டிக் காட்டினார். அக்கா வேண்டாமென்று சொல்லவில்லை. அதே சிரிப்பு. அந்தக் காலத்தில் நூலகத்தில் யார் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருப்பார் போல என்று நினைத்தபடி குனிந்து டியூபை எடுத்தார்.

நிமிரும்போது தோளில் தொங்கிய பையின் வார் அக்காவின் படம் இருந்த ஸ்டாண்டின் ஒரு காலில் மாட்டியது.

ஸ்டாண்டு சாய்ந்தது. பெரிய கேன்வாஸ் முன்பக்கமாகக் கவிழ்ந்தது. கீழே மண். கையில் பிடிக்க நேரமில்லை. மருந்துக்கடைக்காரர் தன்னால் முடிந்த ஒரே காரியத்தைச் செய்தார். வயிற்றைக் கொடுத்துத் தாங்கினார்.

மெத்தென்று ஒரு சத்தம். ஈர வண்ணத்தின் குளிர்ச்சி சட்டையைத் தாண்டித் தோலில் ஏறியது.

மெதுவாகப் பிரித்தெடுத்தார். சட்டையில் அக்காவின் ஏரி இருந்தது. வானம் இருந்தது. தொப்புளுக்கு நேர்மேலே, இடவலம் மாறி, அக்காவின் சூரியன் இருந்தது. கேன்வாஸில் அது இருந்த இடத்தில் தேய்த்துவிட்ட கறைதான் மிச்சம்.

நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். இரண்டு எட்டுத் தூரம்கூட இல்லை. தன் படத்தை வயிற்றில் சுமந்துகொண்டு நிற்கிறவனை அக்கா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். புருவம் நெளியவில்லை. கை மடியைவிட்டு எழவில்லை. அதே சிரிப்பு.

தன் கடையில் ஒரு பாட்டில் உடைந்தாலே அரை நாள் கத்துகிறவர் மருந்துக்கடைக்காரர். நூலகச் சுவருக்குப் போகவேண்டிய படம் கண்ணெதிரே நாசமாகிறது. ஒரு மனுஷி சட்டத்தை மீறக் கூடாதென்று அமைதியாக உட்கார்ந்திருக்கிறாள். மௌனம் என்றால் பேசாமல் இருப்பது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார். அது இவ்வளவு பெரிய இடம் என்று அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. நாம் இதன் வாசலில்கூட நின்றதில்லை என்று நினைத்தார்.

செய்ததைத் தானே சரிசெய்ய வேண்டும். கேன்வாஸை ஸ்டாண்டில் வைத்தார். மஞ்சளை எடுத்தார், வெள்ளையைப் பிதுக்கினார், குழைத்தார். எங்கே எந்த நிறம் இருந்தது என்பதற்கு மாதிரி வயிற்றிலேயே இருந்தது. குனிந்து சட்டையைப் பார்ப்பதும், இடத்தை வலமாக்கிக் கேன்வாஸில் வைப்பதுமாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைந்தார். வாழ்நாளில் இவ்வளவு கவனமாக அவர் எதையும் பார்த்ததில்லை. அக்காவின் சூரியன் மஞ்சள் அல்ல என்பதே இப்போதுதான் தெரிந்தது. அதற்குள் ஒரு பச்சை இருந்தது, ஒரு ரோஜா நிறம் இருந்தது. ஒன்றின் கரையில் இன்னொன்று கேட்டுக்கொண்டு நிற்பதுபோல இருந்தன. அத்தனையையும் கெஞ்சிக் கூத்தாடிக் கொண்டுவந்து சேர்த்தார்.

கடைசித் தீற்று வைத்து நிமிர்ந்தபோது கற்பூர வாசனை வந்தது.

கையிலிருந்த டியூபைப் பார்த்தார். இருட்டில் படிக்க முடியவில்லை. மூடியைத் திறந்து முகர்ந்தார். படிக்கவேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. அக்காவின் வெள்ளை, படத்தைத் தாங்குகிற அவசரத்தில் போட்டபடியே, அவருடைய சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது; எடுத்தது பக்கத்தில் கிடந்த தன் டியூபை.

நூலகத்தின் சூரியன் ஒரு விரற்கடை இறங்கியது.

"ஐயோ" என்று வாய்க்குள் வந்ததை விழுங்கினார். தூரிகையால் ஏந்தித் தள்ளினார்; தூரிகையைச் சுற்றிக்கொண்டு இறங்கியது. வண்ணம் குழைக்கிற கத்தியால் அணை கட்டினார். அணையின் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு இறங்கியது. தண்ணீரைத் தொட்டேவிட்டது. வேறு வழி ஒன்றும் தோன்றாமல் கேன்வாஸைத் தூக்கித் தலைகீழாக ஸ்டாண்டில் வைத்தார்.

சூரியன் ஒரு கணம் யோசித்தது. பிறகு வந்த வழியே திரும்பிப் போக ஆரம்பித்தது.

மருந்துக்கடைக்காரர் சொட்டு மருந்து எண்ணுவதுபோல எண்ணினார். பத்து. இருபது. சூரியன் பின்னால் ஒரு நீள ஒளியை இழுத்துக்கொண்டு அடிவானத்தைக் கடந்து மேலே ஏறியது. நாற்பது. நாற்பத்தைந்து. இதற்குமேல் போனால் மத்தியானம் ஆகிவிடும். சட்டென்று கேன்வாஸைப் புரட்டி நேராக வைத்தார். மாலைக் காற்று ஏரியிலிருந்து சில்லென்று வீசியது. களிம்பு குளிர்ந்து இறுகி அப்படியே நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்துச் சாலை விளக்குகள் எரிந்தன.

"அப்பாடா!" என்று டெய்லர் சோம்பல் முறித்தார். "இன்னைக்கு ரொம்ப நேரம்டா சாமி. நாக்கு ஒட்டிக்கிச்சு."

மருந்துக்கடைக்காரர் வண்ணப் பெட்டியைத் தூக்கி வயிற்றுக்கு முன்னால் ஏந்திக்கொண்டார். எல்லோரும் முதலில் அக்காவின் படத்துக்குத்தான் வந்தார்கள். வந்தவர்கள் நின்றார்கள். விளக்குகள் மேலே சாலையில் இருந்ததால் கீழே அரைகுறை வெளிச்சம்தான். அந்த வெளிச்சத்தில் அக்காவின் ஏரிமேல் சூரியன் நின்றது. அதிலிருந்து ஒளி உருகி, வழிந்து, அடிவானத்தைத் தாண்டித் தண்ணீருக்குள் இறங்கி, பார்க்கிறவர்களின் காலடிவரை வந்தது.

ஒருவரும் பேசவில்லை. பேசலாமென்று சட்டம் சொல்லியும் பேசவில்லை. டெய்லர் பாதி சோம்பலில் கையை இறக்க மறந்திருந்தார். பல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். மாட்டிவிட்டுக் கண்களையும் துடைத்தார்.

"அக்கா" என்றார் கடைசியில். "அந்த வெளிச்சம் அப்படியே கீழ வழியுதே... அதை எப்படி வரைஞ்சீங்க?"

"தெரியல டாக்டர். தானா வந்திருக்கும்" என்றார் அக்கா.

"கேட்டீங்களா? தானா வந்திருக்கும்ங்கறாங்க! நமக்கு ஒரு சின்ன மேகம் சரியா வந்துட்டாப் போதும், ஒரு மாசம் சொல்லிக்கிட்டுத் திரியறோம்" என்று பல் டாக்டர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

மருந்துக்கடைக்காரரால் தாங்க முடியவில்லை. இதற்கு மேலும் சும்மா நின்றால் தான் மனிதனே இல்லை என்று தோன்றியது. "அக்கா, அது வந்து... நான்தான்..." என்று ஓரடி முன்னால் வந்தார்.

அக்கா எழுந்து நின்று, கையை நீட்டி, உள்ளங்கையை விரித்துக் காட்டினார். வேண்டாம், சொல்லாதே என்பதுபோல.

மருந்துக்கடைக்காரர் பின்வாங்கினார். அக்கா நீட்டிய கையோடு ஓரடி எடுத்துவைத்தார். அந்த ஓரடியில் மருந்துக்கடைக்காரரின் படம் இருந்தது. அதன் முன்னால் அக்கா நின்றார்.

நின்றுகொண்டே இருந்தார்.

வழக்கமாக விளக்கு எரிந்ததுமே இறங்கி வந்துவிடும் அவர் வீட்டுக்காரரை இன்னும் காணோம். அக்காவும் அவசரப்படவில்லை. ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு ஆயிற்று. சூரியனே இல்லாமல், வழுக்கிய தடம் மட்டும் இருந்த அந்தப் படத்தின் முன்னால், யாருடைய படத்துக்கும் நிற்காத நேரம் அக்கா நின்றார். டெய்லர் பல் டாக்டரை முழங்கையால் இடித்தார். மருந்துக்கடைக்காரர் வண்ணப் பெட்டியை இன்னும் இறுக்கி வயிற்றோடு பிடித்தார்.

அக்கா மூச்சை இழுத்தார்.

"கற்பூர வாசனை வருதே" என்றார். "ம்ம்ம்."

நீளமான 'ம்'. அந்தக் குழுவின் சரித்திரத்திலேயே நீளமான 'ம்'.

"அக்கா படத்தை மோந்தே பார்த்துட்டாங்கய்யா!" என்றார் டெய்லர், கிண்டல் துளியும் இல்லாமல்.

அப்போதுதான் அக்காவின் வீட்டுக்காரர் படியில் இறங்கி வந்து, நீட்டியிருந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய வலது முழங்கை சுண்ணாம்படித்த சுவர்போல வெள்ளை வெளேரென்று இருந்தது.

"மன்னிச்சுக்கம்மா, லேட்டாயிடுச்சு. வா, பார்த்து, இங்க ஒரு படி."

ஒரு கையில் வண்ணப் பெட்டியும் மறு கையில் பெரிய கேன்வாஸுமாக மருந்துக்கடைக்காரர் பின்னாலேயே ஏறினார். அக்காவைக் காரில் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டு, வீட்டுக்காரர் படத்தை வாங்கிப் பின்பக்கம் வைத்தார். பிறகு முழங்கையை விளக்குக்கு நீட்டினார்.

"தம்பி, இது என்ன மருந்து? அரிப்பு என்னமோ நின்னுடுச்சு. ஆனா காயவும் மாட்டேங்குது, போகவும் மாட்டேங்குது. மூணு மணியில இருந்து சுரண்டிக்கிட்டு இருக்கேன்."

"சார், அது மருந்தே இல்ல. பெயிண்டு" என்றார் மருந்துக்கடைக்காரர். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. டியூப் மாறியது, களிம்பு வழிந்தது, பையின் வார் மாட்டியது, படம் கவிழ்ந்தது, தலைகீழாக வைத்தது, ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லிமுடித்து, வண்ணப் பெட்டியைக் கீழே இறக்கினார். விளக்கு வெளிச்சத்தில் அவர் வயிற்றில் சூரியன் ஜொலித்தது.

வீட்டுக்காரர் வயிற்றையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நாளைக்குப் பகல்ல வீட்டுக்கு வந்து அவகிட்டயே சொல்லிடுங்க" என்றார். "படத்தை வச்சுக்கறதா, வேற வரையறதான்னு அவ முடிவு பண்ணட்டும்."

"எதுக்கு சார் நாளைக்கு? இப்பவே சொல்லிடறேன். சொல்றதுக்குத்தான் என்ன இருக்கு, அவங்க எல்லாத்தையும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தாங்க! ரெண்டடி தள்ளி உக்கார்ந்து, நான் பண்ணின கூத்தையெல்லாம் பார்த்துட்டு, ஒரு வார்த்தை பேசலையே! நான் சொல்ல வந்தப்பக்கூட வேணாம்னு கையைக் காட்டிட்டாங்க. எப்பேர்ப்பட்ட மனசு சார்!"

வீட்டுக்காரர் காருக்குள் எட்டிப் பார்த்தார். அக்கா நேராகப் பார்த்தபடி, மடியில் கைகளோடு, அதே மெல்லிய சிரிப்போடு உட்கார்ந்திருந்தார். அவர் கதவைவிட்டு நாலடி தள்ளி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மனசு பெரிசுதான் தம்பி, ஆனா அவளுக்கு மாலைக்கண்ணு, பொழுது சாய்ஞ்சா எதிர்ல யானை நின்னாலும் தெரியாது, வாராவாரம் வானம் எப்படி இருந்துச்சுன்னு கார்ல போறப்ப நான்தான் சொல்லிக்கிட்டே போவேன், அதைக் கேட்டுத்தான் அடுத்த வாரம் வரைவா, இன்னைக்கு நீங்க குடுத்ததைச் சுரண்டிக்கிட்டே வானத்தைக் கோட்டை விட்டுட்டேன், அதனால அந்தச் சட்டையைக் கொஞ்சம் வெளிச்சத்துல நல்லாக் காட்டுங்க!"